பலத்த காற்றுக்குச் சின்னப் பாய்: விண்ட்சர்ஃபிங் சாமான்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

காற்று கூடக் கூடப் பாயைச் சின்னதாக்க வேண்டும் என்பது, பாய் பொருத்திய பலகையில் (போர்டில்) நின்று காற்றின் இழுப்பில் தண்ணீர்மேல் ஓடும் விண்ட்சர்ஃபிங்கைப் பழகத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். குழப்பம் அதற்கப்புறம்தான். எவ்வளவு சின்னதாக்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "கையில் பலம் இருந்தால் 4.5 சதுர மீட்டர் பாயையே சமாளிக்கலாம்" என்பார் ஒருவர். "ஒரு 3.5 வாங்கிப் போட்டால் போதும், மற்றதெல்லாம் பழைய சாமானே ஓடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. முதல் யோசனையைக் கேட்டால் அரை மணி நேரத்தில் முழங்கைக்குக் கீழே கை மரத்துப்போகும். இரண்டாவதைக் கேட்டால், காசு போட்டு வாங்கிய சின்னப் பாய் பழைய பெரிய பாயைவிட முரண்டு பிடிக்கும்.

பலத்த காற்று என்று இங்கே சொல்வது 25 நாட்டுக்கு மேல் வீசுவதை. நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு. 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கி.மீ. ஆக, 25 நாட் ஏறக்குறைய 46 கி.மீ., 40 நாட் 74 கி.மீ. இப்படிப்பட்ட காற்றுக்குப் பேர்போன இடம் ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவின் தென்கிழக்குக் கரையில் உள்ள போசோ இஸ்கியெர்தோ. வடகிழக்கிலிருந்து வரும் வியாபாரக் காற்று, தீவின் நடுவே நிற்கும் மலையைத் தாண்ட முடியாமல் ஓரமாக ஒதுங்கி, நெருக்கப்பட்டு, இந்தக் கரையில் வேகமெடுக்கிறது. கோடையில் 30 நாட்டைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. பல முறை உலகப் பட்டம் வென்ற டைடா, இபாயா ருவானோ மொரேனோ இரட்டைச் சகோதரிகள் பழகிய கடல் அது. ராமேஸ்வரத்திலும் இலங்கையின் கல்பிட்டியிலும் தென்மேற்குப் பருவத்தில் கைட் (பட்டத்தால் இழுபட்டுப் பலகையில் ஓடும் விளையாட்டு) ஓட்டுபவர்களை வரவழைக்கும் காற்று நல்ல காற்றுதான், ஆனால் போசோ அளவுக்கு மூர்க்கம் கிடையாது.

காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இந்த விதி ஏற்கெனவே தெரியும். வண்டி 40 கி.மீ. வேகத்தில் போனால் உள்ளங்கையில் காற்று மெத்தென்று படும். 80-ஐத் தொட்டால் கை பின்னால் பிய்த்துக்கொண்டு போகும். வேகம் கூடியது இரண்டு மடங்குதான், தள்ளுவிசையோ நான்கு மடங்கு. உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்தால் கை தானாக மேலே எழும்பும். பாய் வேலை செய்வது இந்தச் சாய்த்த கையைப் போலத்தான்: காற்றைச் சாய்வாக வாங்கித் திசைதிருப்பி, அதன் எதிர்விளைவாக இழுவை பெறுகிறது.

எண்ணில் சொன்னால், 15 நாட் காற்று நேராக மோதும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 4 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 30 நாட்டில் அது 15 கிலோ, 40 நாட்டில் 26 கிலோ. கடைசி இரண்டு எண்களைக் கவனியுங்கள். 30-லிருந்து 40-க்குப் போகும்போது வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, அழுத்தம் முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது. "இன்னும் பத்து நாட்தானே" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இந்த விசைக்கு ஈடாக நம்மிடம் இருப்பது உடல் எடை. பாயைப் பிடித்துக்கொள்ளும் வளைகோல்தான் பூம். அதில் கட்டிய கயிற்று வளையத்தில், இடுப்பில் அணியும் ஹார்னஸ் பட்டையின் கொக்கியை மாட்டி, உடலையே எதிர்ப்பாரமாகத் தொங்கவிடுகிறோம். விசை நான்கு மடங்கானாலும் நம் எடை அதேதான். கைப்பலத்துக்கு இதில் பெரிய பங்கில்லை.

கால் பங்கு பாய் போதாதா?

75 கிலோ எடையுள்ளவர் 15 நாட் காற்றில் 6.5 அல்லது 7 சதுர மீட்டர் பாய் எடுப்பார். 30 நாட்டில் விசை நான்கு மடங்கு என்றால் கால் பங்கு, அதாவது 1.7 சதுர மீட்டர் போதும் என்றுதான் கணக்கு சொல்கிறது. அப்படி ஒரு பாயைப் பெரியவர்கள் யாரும் கட்டுவதில்லை. அதே ஆள் 30 நாட்டில் கட்டுவது 3.5 வாக்கில். ஏன்?

பாய்க்குத் தெரியும் காற்று வேறு, கரையில் நிற்பவருக்குத் தெரியும் காற்று வேறு. ஓடிக்கொண்டிருக்கும் பாயின்மீது படுவது, வீசும் காற்றும் நம் ஓட்டத்தால் எதிரே வரும் காற்றும் சேர்ந்த காற்று. இதைச் சார்புக் காற்று என்று வைத்துக்கொள்வோம். போர்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகாமல் மேற்பரப்பில் சறுக்கி ஓடத் தொடங்குவதைப் பிளானிங் என்பார்கள். 15 நாட் காற்றில், தட்டையான தண்ணீரில், பெரிய பாயோடு பிளானிங் செய்பவர் 18 நாட் வேகத்தில் போகலாம். காற்றுக்குக் குறுக்காகப் போனால் அவருடைய பாயில் படும் சார்புக் காற்று சுமார் 23 நாட். 30 நாட் காற்றில் கடல் கொந்தளித்துக் கிடப்பதால் அவரால் 22 நாட்டுக்கு மேல் போக முடியவில்லை என்று வைத்துக்கொண்டால், சார்புக் காற்று 37 நாட். 23-க்கும் 37-க்கும் விகிதம் 1.6, விசையில் அது இரண்டரை மடங்கு. நான்கு மடங்கு இங்கே இரண்டரையாகச் சுருங்கிவிட்டது. போதாததற்கு, காற்று குறைவாக இருக்கும்போது அரைகுறையாகத் தொங்குபவர் பலத்த காற்றில் முழு எடையையும் பூமில் போடுகிறார், அதனால் இன்னும் கொஞ்சம் பாய் தாங்கும்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை. எடையைக் கிலோவில் எடுத்து 1.34-ஆல் பெருக்கி, காற்றின் வேகத்தால் (நாட்டில்) வகுத்தால் பாயின் அளவு சதுர மீட்டரில் வரும் என்றொரு கைவிதி உண்டு. 75 கிலோக்காரருக்கு வசதி, பெருக்கினால் 100 வந்துவிடும். 20 நாட்டுக்கு 5.0, 25-க்கு 4.0, 30-க்கு 3.3. 60 கிலோக்காரருக்கு 80 ÷ 30, அதாவது 2.7. 90 கிலோக்காரருக்கு 120 ÷ 30, அதாவது 4.0. ஒரே கடற்கரையில் ஒரே காற்றில் ஒருவர் 2.7-ம் இன்னொருவர் 4.0-மாக நிற்பது இதனால்தான். பக்கத்தில் இருப்பவர் எதைக் கட்டுகிறார் என்று பார்த்துக் கட்டுவதற்குமுன் அவருடைய எடையைப் பாருங்கள்.

இந்தக் கைவிதி பலத்த காற்றில் கொஞ்சம் கஞ்சத்தனம் காட்டும். 40 நாட்டுக்கு 2.5 என்று சொல்லும், ஆனால் பெரியவர்களுக்கான அலைப் பாய்கள் (அலையில் ஓட்டுவதற்கான பாய்கள்) பெரும்பாலும் 3 சதுர மீட்டர் அருகே முடிந்துவிடுகின்றன. விதி காட்டும் எண்ணிலிருந்து 0.2 முதல் 0.4 வரை மேலே போவது வழக்கம். பழகுபவர்கள் அந்தச் சலுகையை எடுக்காமல் இருப்பது நல்லது.

இதுவரை சொன்னது: விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, பாயின் அளவு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை, உங்கள் எடைதான் அளவுகோல்.

சராசரியை நம்பாதீர்கள்

வானிலைச் செயலி "25 நாட்" என்று காட்டினால் அது சராசரி. அதுவும் நிலத்துக்கு 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. உண்மையில் காற்று ஒரே சீராக வருவதில்லை, வீச்சு வீச்சாக வரும். சராசரி 25 இருக்கும் நாளில் வீச்சு 35-ஐத் தொட்டால் பாயின்மீதான விசை அந்தக் கணத்தில் இரண்டு மடங்காகிறது. இரண்டு வீச்சுக்கு நடுவே 18-க்கு இறங்கினால் விசை பாதியாகிறது. எந்த எண்ணுக்குப் பாய் கட்டுவது?

வீச்சுக்குக் கட்டுங்கள். இடையில் வரும் தொய்வைச் சமாளிக்க போர்டைக் கொஞ்சம் பெரிதாக எடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தொய்வில் நின்றுவிடக் கூடாதே என்று பெரிய பாயைக் கட்டி, சின்ன போர்டில் ஏறுகிறார்கள். தொய்வில் போர்டு முழுகுகிறது, வீச்சில் பாய் ஆளைத் தூக்கி எறிகிறது. சின்னப் பாயும் கொள்ளளவில் ஐந்து பத்து லிட்டர் பெரிய போர்டுமாகப் போனால் தொய்வில் மெதுவாகவாவது மிதந்து நகரலாம், வீச்சு வரும்போது பூமைத் திறக்காமல், அதாவது பின்கையைத் தளர்த்திப் பாயிலிருந்து காற்றை விடாமல், ஓட்டலாம். சராசரிக்கும் வீச்சுக்கும் இடைவெளி 5 நாட்டுக்குள் இருந்தால் இந்தக் கவலை அவ்வளவு வேண்டாம். 10-ஐத் தாண்டினால் ஒரு அளவு சின்னதாக எடுங்கள்.

தண்ணீரின் நிலையும் அளவைத் தீர்மானிக்கிறது. நமீபியாவின் லூடரிட்ஸ் ஊரில் வேகச் சாதனைக்காகவே கரையோரம் ஒரு நீண்ட கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். 2015-இல் பிரான்சின் அந்துவான் அல்போ 500 மீட்டர் தூரத்தைச் சராசரி 53.27 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 98 கி.மீ.க்கும் மேல் ஓட்டியது அங்கேதான். போசோவில் ஆட்கள் 3.5 கட்டும் அதே வேகக் காற்றில், லூடரிட்ஸில் 5 சதுர மீட்டரை ஒட்டிய பாய்களைக் கட்டுகிறார்கள். கால்வாய்த் தண்ணீர் சலனமில்லாமல் இருக்கிறது. காற்று பின்பக்கவாட்டில் இருந்து வரும்படி ஓடுகிறார்கள், ஆகவே வேகம் ஏற ஏறச் சார்புக் காற்று கட்டுக்குள் இருக்கிறது. எடைக்காகக் கனமான உள்சட்டைகூடப் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து அலை அடிக்கும் கடலில் 5.0 கட்டுவது தற்கொலைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

பரப்பளவைவிட, இழுக்கும் இடம்

பாய் முழுவதும் பரவியிருக்கும் விசையை ஒரே புள்ளியில் குவித்துப் பார்த்தால், அதுதான் விசை மையம். நல்ல பாயில் இது உங்கள் இரண்டு கைகளுக்கும் நடுவே, ஹார்னஸ் கயிறு கட்டிய இடத்தில் நிற்கும். காற்று ஏறும்போது பாயின் துணி பிதுங்கி, அதன் ஆழமான வயிறு பின்னால் நகர்ந்தால் விசை மையமும் கூடவே நகரும். பூமில் முன்னால் பிடித்த கை முன்கை, பின்னால் பிடித்த கை பின்கை என்றால், பின்கைக்கு மட்டும் பாரம் ஏறும். அதைக் குறைக்கப் பூமைத் திறந்தால் பாய் படபடக்கும், வேகம் போகும், மறுபடி இழுத்தால் ஒரே வெட்டாக வெட்டி இழுக்கும். "பாய் பெரிதாகிவிட்டது" என்று சொல்லிக் கரைக்கு வருபவர்களில் கணிசமானோருக்கு உண்மையில் பாய் பெரிதாக இல்லை. கட்டியது சரியில்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு கயிறுகள் இருக்கின்றன. பாயின் முன்னோரத்தைப் பாய்மரத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கும் கயிறு டவுன்ஹால். பாயின் பின்மூலையைப் பூமின் கடைசி வரை இழுக்கும் கயிறு அவுட்ஹால். புதியவர்கள் பலத்த காற்றைக் கண்டதும் அவுட்ஹாலைப் பிடித்து இழுப்பார்கள், ஏனென்றால் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, இழுப்பதும் சுலபம். முதலில் இழுக்க வேண்டியது டவுன்ஹால்.

டவுன்ஹாலை இழுக்க இழுக்கப் பாய்மரம் வளைகிறது. வளையும்போது பாயின் முன்பகுதி இறுகி, வயிறு முன்னாலேயே பூட்டப்படுகிறது. கூடவே, பாயின் பின்னோரமான லீச் மேற்பாதியில் தளர்ந்து தொங்கும். கரையில் பார்த்தால் ஏதோ கிழிந்த பாய் மாதிரி இருக்கும், புதியவர்களுக்கு அதைப் பார்த்ததும் கயிற்றைத் தளர்த்தத் தோன்றும். தளர்த்தாதீர்கள். வீச்சு வரும்போது இந்தத் தளர்ந்த மேல்பகுதி தானாக முறுக்கிக்கொண்டு திறந்து, மிச்சக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. அடுத்த கணமே பழைய நிலைக்குத் திரும்புகிறது. டவுன்ஹால் போதாமல் கட்டிய பாயில் மேல்பகுதி திறக்காது. வீச்சு முழுவதும் உங்கள் பின்கைக்கு வரும்.

எவ்வளவு இழுப்பது? பாயில் இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும், முன்னோர நீளமான லஃப், பூம் நீளம். லஃப் எண்ணுக்குப் போய்விட்டால் ஆரம்பம் சரி. அதன்பின் பாயைத் தரையில் கிடத்திப் பார்க்கவும். பாய்க்கு விறைப்பு தரும் குச்சிகள் பேட்டன். மேலிருந்து முதல் இரண்டு பேட்டன்களுக்கு நடுவே, லீச்சிலிருந்து உள்நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்குத் துணி தளர்ந்திருந்தால் நடுத்தரக் காற்றுக்குச் சரி. பலத்த காற்றுக்குப் பாதி தூரம் வரை தளர விடலாம். அதற்கு இன்னும் 1 செ.மீ. இழுத்தாலே போதும். சின்னப் பாயில் 1 செ.மீ. டவுன்ஹால் பெரிய மாற்றம், பெரிய பாயில் 2 செ.மீ. இழுத்தாலும் தெரியாது.

அவுட்ஹாலை அதற்குப் பின் இழுங்கள். கையால் தளர்வாகப் பிடித்த நிலையிலிருந்து 2 செ.மீ. என்று தொடங்கலாம். ஓடும்போது பாயின் வயிறு பூமில் உரசினால் இன்னும் 1 செ.மீ. எல்லை மீறி இழுத்தால் பாய் பலகைபோலத் தட்டையாகி, காற்று லேசாகக் குறைந்தாலும் இழுவையே இல்லாமல் போகும்.

பேட்டன் எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. அலைப் பாய்கள் மூன்று, நான்கு, ஐந்து பேட்டன்களோடு வருகின்றன. பேட்டன் குறைந்தால் பாய் லேசாகும், திருப்பவும் இலகு. கூடினால் வயிறு இடம் மாறாமல் நிற்கும். அலையில் வித்தை காட்டாமல் நேராக ஓட்டப் பழகுபவர்களுக்கு, வீச்சு வீச்சாக வரும் காற்றில், ஐந்து பேட்டன் பாய் அமைதியாக இருக்கும் என்பது எங்கள் கருத்து. நான்கு பேட்டன் பாயை விரும்புகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சுருங்கச் சொன்னால், பாயை மாற்றுவதற்குமுன் டவுன்ஹாலை 1 செ.மீ. இழுத்துப் பாருங்கள். பின்கைப் பாரம் குறைந்துவிட்டால் அளவில் குற்றமில்லை.

மாஸ்ட்டும் பூமும்: சின்னப் பாய் தனியாக வராது

பாய்மரத்தைக் கடைகளில் மாஸ்ட் என்றே கேட்க வேண்டும். ஒவ்வொரு பாயும் குறிப்பிட்ட வளைவுள்ள மாஸ்ட்டுக்காக வெட்டித் தைக்கப்படுகிறது. 3.3 முதல் 4.7 வரையான அலைப் பாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 370 செ.மீ. மாஸ்ட் பொருந்தும். 5 சதுர மீட்டரைத் தாண்டினால் 400. பழைய 400 மாஸ்ட்டையே 3.5 பாய்க்குள் நுழைக்கலாம் என்று நினைப்பதுதான் பொதுவான சிக்கனம். நுழையும். பாயின் உச்சியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டை இருந்தால், மிச்ச மாஸ்ட் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நீள மாஸ்ட் விறைப்பும் கூடியது. மாஸ்ட்டின் விறைப்பை ஐ.எம்.சி.எஸ். என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 370-க்கு 17, 400-க்கு 19 என்பது வழக்கம். விறைப்பான மாஸ்ட் டவுன்ஹாலுக்கு வளைந்து கொடுக்காது, லீச் திறக்காது. மேலே இவ்வளவு நேரம் சொன்னது அத்தனையும் வீண்.

விறைப்பு எண் ஒத்துப்போனாலும் வளைவின் வகை ஒத்துப்போக வேண்டும். சில நிறுவனங்கள் உச்சி அதிகம் வளையும் மாஸ்ட்டுக்கும், சில உச்சி விறைத்த மாஸ்ட்டுக்கும், பெரும்பாலானவை சீராக வளையும் மாஸ்ட்டுக்கும் பாய் தைக்கின்றன. பாயின் பையில் எது என்று எழுதியிருக்கும். பாயும் மாஸ்ட்டும் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் தலைவலி இல்லை.

தடிமனில் இரண்டு வகை: பழைய தடித்த மாஸ்ட், ஒல்லியான ஆர்.டி.எம். சின்னப் பாய்க்கு ஆர்.டி.எம். எடுங்கள். சுவர் தடிமனாக இருப்பதால் அலை சுருட்டி அடித்தாலும் சட்டென்று உடையாது, தண்ணீரில் கிடக்கும்போது கைக்குள் அடங்கும். ஆர்.டி.எம். மாஸ்ட்டுக்கு ஆர்.டி.எம். எக்ஸ்டென்ஷன்தான் பொருந்தும். எக்ஸ்டென்ஷன் என்பது மாஸ்ட்டின் அடியில் செருகி நீளத்தைக் கூட்டும் துண்டு. டவுன்ஹால் கப்பிகள் இதில்தான் இருக்கின்றன. லஃப் 378 என்று போட்டிருந்தால் 370 மாஸ்ட்டோடு எக்ஸ்டென்ஷனை 8-இல் வையுங்கள்.

பூமில் ஏமாறுவது இன்னும் சுலபம். 3.5 பாய்க்குப் பூம் 140-லிருந்து 150 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் வாங்கிய பூமை எவ்வளவு சுருக்கினாலும் 160-க்குக் கீழே போகாது என்றால், பாயின் பின்மூலைக்கும் பூமின் கடைசிக்கும் நடுவே ஒரு சாண் கயிறு தொங்கும். பாய் அங்கே ஆடும், விசை மையம் அலையும், நீட்டிக்கொண்டிருக்கும் வால் அலையில் மாட்டும். சின்னப் பாய் வாங்கப் போகும்போது பூமின் மிகக் குறைந்த நீளத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பாய்களின் வரிசையைத் திட்டமிடும்போதும் மாஸ்ட்டையே மையமாக வைத்துக்கொள்ளலாம். 4.7, 4.0, 3.5 என்ற மூன்று பாய்களும், ஒரு 370 மாஸ்ட்டும், 140-190 செ.மீ. பூமும் இருந்தால், 75 கிலோக்காரர் 22 நாட் தொடங்கி 35 வரை சமாளிக்கலாம். அளவு சின்னதாக ஆக இடைவெளியும் சின்னதாக வேண்டும். 7.5-க்கும் 6.5-க்கும் நடுவே 1 சதுர மீட்டர் விடலாம். 4.0-க்குக் கீழே அரை சதுர மீட்டரே எட்டில் ஒரு பங்கு.

போர்டும் ஃபின்னும்

ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு கிலோவை மிதக்கவைக்கும். 75 கிலோ ஆள், 8 கிலோ பாய் மாஸ்ட் பூம், 7 கிலோ போர்டு, ஈரமான உடை ஹார்னஸ் எல்லாம் சேர்ந்து 92 கிலோ வரும். 92 லிட்டருக்குக் கீழான போர்டில் அசையாமல் நின்றால் போர்டு முழுகும். பலத்த காற்றுக்கான போர்டுகள் இவருடைய எடைக்கு 70 முதல் 85 லிட்டர். அதாவது நின்றால் முழுகும், ஓடினால் மிதக்கும்.

இதிலிருந்து வரும் முடிவு முக்கியமானது. போர்டில் ஏறி நின்று கயிற்றால் பாயைத் தண்ணீரிலிருந்து தூக்கும் ஆரம்பப் பாடம் இங்கே செல்லாது. தண்ணீரில் மிதந்தபடி பாயைக் காற்றுக்குக் காட்டி, அது நம்மை இழுத்துப் போர்டின்மேல் ஏற்றும் வாட்டர்ஸ்டார்ட் தெரிந்திருக்க வேண்டும். 18-20 நாட்டில் பத்துக்கு ஒன்பது முறை அது கைவராதவர்கள் 30 நாட்டுக்குச் சாமான் வாங்கவே வேண்டாம்.

பெரிய போர்டில் சின்னப் பாயைக் கட்டினால் என்ன? 120 லிட்டர், 70 செ.மீ. அகலப் போர்டு 30 நாட்டில் அலைக்கு அலை தாவும். மூக்கு எழும்பும்போது காற்று அடியில் புகுந்து போர்டையே கவிழ்க்கும். முதன்முதலாகப் பலத்த காற்றுக்கு வாங்குபவர்கள் தங்கள் எடையைவிட 10 லிட்டர் கூடுதலான, 58 செ.மீ. அகலத்துக்கு உட்பட்ட ஃப்ரீவேவ் வகைப் போர்டை (அலைக்கும் சாதாரண ஓட்டத்துக்கும் பொதுவானது) எடுப்பது சமாளிக்கத்தக்க நடுவழி.

ஃபின் என்பது போர்டின் வாலடியில் நிற்கும் துடுப்பு. காற்றுக்குப் பாய் எப்படியோ, தண்ணீருக்கு ஃபின் அப்படி. பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அதன் விசையும் வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் பாய் சின்னதானால் ஃபின்னும் சின்னதாக வேண்டும். 4.0 பாய்க்கு ஒற்றை ஃபின் 20-23 செ.மீ. மூன்று ஃபின் அமைப்பில் நடுவில் 15-17, பக்கங்களில் 10 வாக்கில். ஃபின் பெரிதானால் போர்டின் காற்றுப்பக்க ஓரம் எழும்பி, வால் இடதும் வலதுமாக நடனமாடும். ரொம்பச் சின்னதானால், பின்காலால் அழுத்தியதும் பிடி விட்டு வால் வழுக்கும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

போர்டிலும் ஃபின்னிலும் சுருங்கச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: பாயோடு இரண்டும் சேர்ந்து சுருங்க வேண்டும், போர்டு மட்டும் ஒரு படி மெதுவாக.

கரையில் இருந்து தண்ணீருக்கு

காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் எவ்வளவு நல்ல சாமான் இருந்தாலும் இறங்காதீர்கள். கரையோரம் மரம், கட்டடங்களின் மறைவில் காற்று மெல்லியதாகத் தெரியும், 200 மீட்டர் தள்ளி அது முழு வேகத்தில் இருக்கும், ஏதாவது உடைந்தால் ஆழ்கடல்தான். கரைக்கு இணையாகவோ, இணையாகவும் சற்றே கரை நோக்கியும் வீசும் காற்றுதான் ஏற்றது. தலைக்கவசமும் மார்பைக் காக்கும் உள்சட்டையும் வேண்டும். 30 நாட்டில் மாஸ்ட் தலையில் விழுவது சாதாரண அடியாக இருக்காது. விழுந்தால் போர்டை விடாதீர்கள். காற்று அதை அடித்துக்கொண்டு போகும் வேகத்துக்கு யாராலும் நீந்த முடியாது.

பாய் கட்டும்போது மாஸ்ட் காற்றைப் பார்த்திருக்கட்டும். வெறும் போர்டை மணலில் தனியே விட்டால் பறக்கும். பூமின் உயரத்தை வழக்கமான தோள் உயரத்திலிருந்து 2-3 செ.மீ. இறக்குங்கள். மாஸ்ட் நிற்கும் அடிப்பிடியை அதன் பள்ளத்தில் 1 செ.மீ. முன்னால் தள்ளுங்கள், மூக்கு எழும்புவது குறையும். கால்களைச் செருகும் ஸ்ட்ராப்புகளில் பாதி பாதம் நுழைந்தால் போதும். முழுப் பாதமும் நுழைந்தால் விழும்போது கணுக்கால் திருகும்.

முதல் இரண்டு ஓட்டங்களில் கைகள் சொல்வதைக் கேளுங்கள். பின்கை மட்டும் கனத்தால் டவுன்ஹால் 1 செ.மீ. அதற்கும் அடங்காவிட்டால் ஹார்னஸ் கயிற்றை இரண்டு விரல் பின்னால் நகர்த்துங்கள். முன்கை மட்டும் கனத்தால் கயிறு ஏற்கெனவே பின்னால் போயிருக்கிறது, முன்னே கொண்டு வாருங்கள். கயிற்று வளையம் 26-30 அங்குலம் இருப்பது வழக்கம். மூக்கு அடங்காமல் துள்ளினால் அடிப்பிடி இன்னும் முன்னே, பூம் இன்னும் கீழே. வால் ஆடினால் ஃபின்னை 2 செ.மீ. குறையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வீச்சுக்கு வீச்சு பூமைத் திறக்க வேண்டியிருந்தால், இரண்டு கைகளும் ஒரே அளவு கனத்தால், பாய் உண்மையிலேயே பெரிதுதான். கரைக்கு வந்து அடுத்த சின்ன அளவைக் கட்டுங்கள். டவுன்ஹால் கயிற்றில் நார் பிரிந்திருக்கிறதா என்று அப்போதே பாருங்கள், உப்பும் மணலும் சேர்ந்து கப்பி ஓரத்தில் அதைத்தான் முதலில் அறுக்கும்.